சிறிய ஆற்றுக்கு எந்த அணை? ஷட்டரா, மண் கரையா, வெறும் சுவரா?

ஊத்தங்கரை, அரூர் பக்கத்துக் கிராமங்களில் ஓடைக்கோ சிற்றாற்றுக்கோ அணை கேட்டு மனு எழுதும்போது, "ஷட்டர் வைத்த தடுப்பணை வேண்டும்" என்றுதான் பெரும்பாலும் எழுதுகிறார்கள். கிருஷ்ணகிரி அணையையும் ஓசூர் கெலவரப்பள்ளி அணையையும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அணை என்றாலே ஷட்டர்தான் கண்முன் வரும். பேருந்தில் போகும்போது தெரிவதும் அதுதான், செய்தியில் "மதகுகள் திறப்பு" என்று வருவதும் அதுதான். ஆனால் இரண்டு மூன்று மீட்டர் உயரத்தில் கட்டப்போகிற சின்ன அணைக்கு அதையே கேட்பது சரியா என்பதை மனு போடுவதற்கு முன்பே உட்கார்ந்து பேச வேண்டும். கட்டி முடித்த பிறகு மாற்ற முடியாது.

கட்டுமானத் துறையில் இருப்பவன் என்பதால் என்னிடம் இதை அடிக்கடி கேட்கிறார்கள். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மழை கொட்டுகிற ராத்திரியில், கரண்ட் இல்லாமல், பாதை அறுந்து, ஒரு ஆள்கூட அணைப் பக்கம் போக முடியாத நிலையிலும் உடையாமல் நிற்க வேண்டும். சின்ன அணைக்கு முதல் தகுதி இதுதான். தண்ணீர் எவ்வளவு நிற்கும், செலவு எவ்வளவு என்பதெல்லாம் அடுத்த வரிசை.

பேச வசதியாக ஒரு ஓடையைக் கற்பனை செய்துகொள்வோம். பாம்பாற்றிலோ தென்பெண்ணையிலோ போய்ச் சேரும் ஓடை. மழைநீர் வடிந்து வரும் பரப்பு 27 சதுர கிலோமீட்டர், ஓடையின் அகலம் 30 மீட்டர், சரிவு 300 மீட்டருக்கு ஒரு மீட்டர். அதில் 2 மீட்டர் உயரத்துக்கு அணை கட்டினால் தண்ணீர் 600 மீட்டர் தூரம் பின்னால் நிற்கும். ஒரு தடவை நிறைந்தால் சுமாராக 1.8 கோடி லிட்டர். வருஷத்தில் நாலைந்து தடவை நிறைந்து வடிந்தால் சுற்றுவட்டாரக் கிணறுகளுக்கு அது பெரிய ஊட்டம்.

இதற்கு ஐந்து வழிகள் உண்டு. மண் கரையும் பக்கத்தில் கலிங்கும் (மிஞ்சும் தண்ணீர் வழிந்து போகும் இடம்), ஷட்டர் வரிசை வைத்த கதவணை, தண்ணீர் மேலேயே வழிந்து போகும் கான்கிரீட் சுவர், காற்றடைத்த ரப்பர் அணை, மணலுக்குள் மறையும் தரைகீழ்த் தடுப்பு. எதை எடுத்தாலும் முதலில் பதில் சொல்ல வேண்டியது வெள்ளக் கணக்குக்குத்தான். எவ்வளவு தண்ணீர் வரும்?

நம் பக்கத்தில் இதற்கு வழக்கமாக எடுப்பது ரைவ்ஸ் சூத்திரம். சென்னை மாகாணத்து ஆறுகளுக்காக 1884-ல் வந்தது. சதுர கிலோமீட்டரில் உள்ள பரப்பின் 2/3 அடுக்கை (27-க்கு அது 9), இடத்துக்கேற்ற ஒரு மாறிலியால் பெருக்க வேண்டும். மலைப் பகுதிக்குச் சொல்லும் 10.2 என்ற பெரிய மாறிலியையே போட்டாலும், நம் ஓடைக்கு உச்ச வெள்ளம் நொடிக்கு 92 கன மீட்டர் வரும். அதாவது சுமார் 3,250 கன அடி.

இப்போது 2024 டிசம்பர் முதல் வாரத்தை நினைத்துப் பாருங்கள். ஃபெஞ்சல் புயல் கரை கடந்து உள்ளே வந்தபோது ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை பதிவானது. நிறுத்தி வைத்திருந்த வண்டிகளை வெள்ளம் இழுத்துப் போனதை ஊரே பார்த்தது. அந்த மழை நம் ஓடையின் 27 சதுர கிலோமீட்டரிலும் பெய்து, அதில் எழுபது சதவீதம் ஒரே நாளில் ஓடி வந்தால் 94.5 லட்சம் கன மீட்டர். அதை 24 மணி நேரத்துக்குச் சமமாகப் பிரித்தாலே நொடிக்கு 109 கன மீட்டர். சூத்திரம் உச்சம் என்று சொன்ன 92-ஐ நாள் முழுவதற்குமான சராசரியே தாண்டிவிடுகிறது. மழை சீராகப் பெய்வதில்லை என்பதால், உச்சம் சராசரியைப் போல ஒன்றரை மடங்கு என்று வைத்தால் 164 கன மீட்டர், கிட்டத்தட்ட 5,800 கன அடி.

இந்த வித்தியாசம் எங்கே போய் அடிக்கும் தெரியுமா? 30 மீட்டர் நீளச் சுவரில் 92 கன மீட்டர் வழிந்தால், சுவரின் தலைக்கு மேல் ஒன்றரை மீட்டர் உயரத்தில் தண்ணீர் போகும். 164 வந்தால் 2.2 மீட்டர். முதல் கணக்கை நம்பி, அரை மீட்டர் கூடுதல் இடம் விட்டுப் பக்கச் சுவரை எழுப்பியிருந்தால், இரண்டாவது வெள்ளம் அதற்கும் மேலே ஏறிக் கரை மண்ணைத் தொட்டுவிடும். அதனால் ஒப்பந்தப்புள்ளி மதிப்பீட்டைக் கையில் வாங்கியதும் நான் முதலில் தேடுவது, வெள்ள அளவு எந்த மழையை வைத்துப் போட்டது என்ற வரியைத்தான். ஓடை வாய் அகலமாக இருந்து சுவரை 45 மீட்டருக்கு நீட்ட முடிந்தால், அதே 164 கன மீட்டர் 1.7 மீட்டருக்குள் அடங்கிவிடும். உயரத்தைவிட நீளத்துக்குச் செலவழிப்பது பல மடங்கு மேல்.

சரி, இனி ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

மண் கரையும் கலிங்கும் நமக்குப் பழக்கமானவை. ஏரிகள் எல்லாம் அப்படித்தான். செலவு குறைவு, மண் பக்கத்திலேயே கிடைக்கும், ஊர் ஆட்களே வேலை செய்யலாம். ஆனால் ஏரிக்குச் சரியாக இருப்பது ஆற்றின் குறுக்கே சரியாக இருக்காது. மண் கரைக்கு மேலே தண்ணீர் ஒரு முறை வழிந்தால் அதற்கு இரண்டாவது முறை கிடையாது. பின்பக்கச் சரிவு அரித்து, பள்ளம் விழுந்து, மொத்தக் கரையும் சில மணி நேரத்தில் போய்விடும். திண்டுக்கல் மாவட்டத்துக் கொடகனாறு அணை 1977-ல் போனது இப்படித்தான். வெள்ளம் வந்தபோது கரண்ட் போய்விட்டது, ஷட்டர்களைப் பாதிதான் தூக்க முடிந்தது, ஜெனரேட்டர் போட்டும் ஆகவில்லை, கையால் சுற்றிப் பார்த்தார்கள். அதற்குள் தண்ணீர் மண் கரைக்கு மேல் ஏறிவிட்டது. உயிர்கள் போயின. அந்த அணையில் மண் கரையும் ஷட்டரும் சேர்ந்தே இருந்தன. ஷட்டர் முரண்டு பிடித்த ராத்திரியில் மண் கரை அதற்கான விலையைக் கொடுத்தது. ஆற்றின் குறுக்கே மண் கரையை நான் பரிந்துரைக்க மாட்டேன். பக்கவாட்டில் பாறைத் தளம் உள்ள அகலமான கலிங்குக்கு இடமிருந்தால் மட்டும் யோசிக்கலாம்.

அடுத்தது ஷட்டர். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும், ஏனென்றால் ஊர்க்காரர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. "ஷட்டர் இல்லைன்னா ரெண்டே வருஷத்துல மண்ணு ரொம்பிடும் சார்" என்பார்கள். உண்மைதான். வெறும் சுவருக்குப் பின்னால் வண்டல் சேரும். ஷட்டரைத் தூக்கினால் முதல் வெள்ளத்தோடு மண்ணும் வெளியேறும், வெள்ள மட்டமும் மேலே ஏறாது. ஓடையின் இருபுறமும் பட்டா நிலம் தாழ்வாக இருந்தால் இந்த இரண்டாவது லாபம் மிகப் பெரியது.

ஆனால் ஒரு ஷட்டரைக் கிட்டே போய்ப் பாருங்கள். மூன்று மீட்டர் அகலம், இரண்டு மீட்டர் உயரம் என்றால், நிறைந்த தண்ணீர் அதன்மேல் தள்ளும் பலம் ஆறு டன். அந்த ஆறு டன்னும் பக்கத்துக் காடியில் (ஷட்டர் ஏறி இறங்கும் பள்ளம்) அழுத்திக்கொண்டிருக்கும்போதுதான் அதை மேலே தூக்க வேண்டும். காடியில் துரு ஏறி, ரப்பர் சீல் காய்ந்து கல்லாகி, திருகுத் தண்டில் கிரீஸ் போய்ச் சேறு படிந்திருந்தால், இரண்டு ஆள் சேர்ந்து கைப்பிடியைச் சுற்றினாலும் அசையாது. பலம் கூட்டிச் சுற்றினால் தண்டு வளையும். அடியில் ஒரு மரக்கட்டை சிக்கியிருந்தால் அப்புறம் மூடவும் முடியாது. இவையெல்லாம் மழை இல்லாத மாதங்களில் யாரும் பார்க்காமல் நடப்பவை. வெள்ளம் வந்த அன்றுதான் தெரியவரும்.

இது சின்ன ஊர்களின் அலட்சியத்தால் மட்டும் நேர்வதில்லை. லஸ்கர்களும் (ஷட்டரை இயக்கிப் பார்த்துக்கொள்ளும் ஊழியர்கள்) என்ஜினீயர்களும் இருக்கும் அணைகளிலேயே நேர்ந்திருக்கிறது. 2017 நவம்பர் 29 அன்று கிருஷ்ணகிரி அணையின் முதல் ஷட்டர் உடைந்தது. 1950-களில் கட்டிய அணை. உடைந்த ஷட்டரின் அடிமட்டத்துக்கு நீர் இறங்கும்வரை தண்ணீர் வீணாகப் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர வழியில்லை. அப்புறம் மற்ற ஷட்டர்களையும் மாற்ற வேண்டி வந்தது. 2018 ஆகஸ்டில் முக்கொம்பில் கொள்ளிடத்து மேலணையின் ஒன்பது ஷட்டர்கள் அடித்துப் போயின. 2022 செப்டம்பரில் பரம்பிக்குளத்தில் ஒரு ஷட்டரின் சங்கிலி அறுந்தது. 2024 ஆகஸ்டில் துங்கபத்திராவின் 19-வது ஷட்டரும் சங்கிலி அறுந்தே போனது. பெரிய அணையில் இப்படி ஆனால் உடனே நிபுணர்கள் வருவார்கள், கிரேன் வரும், அரசு பணம் ஒதுக்கும். நம் ஓடைக்கு யார் வருவார்கள்?

இன்னொரு ஆபத்தும் உண்டு. மூன்று மீட்டர் ஷட்டர் ஒன்று வெயில் நாளில் திடீரென்று விட்டுப்போனால் நொடிக்கு 500 கன அடித் தண்ணீர் கீழே பாயும். மேலே மழை பெய்திருந்தால் கீழே இருப்பவர்கள் எச்சரிக்கையாக இருப்பார்கள். வெயிலில் வரும் தண்ணீரை யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள். மாடு கழுவிக்கொண்டிருப்பார்கள்.

அதனால் என் தேர்வு மூன்றாவது வழி. தண்ணீர் முழு நீளத்துக்கும் மேலேயே வழிந்து போகும் கான்கிரீட் சுவர். இதில் திறக்க ஒன்றுமில்லை, மறக்கவும் ஒன்றுமில்லை. வண்டலுக்கு அடிமட்டத்தில் ஒரு மீட்டர் சதுரத்தில் இரண்டு மணற்போக்கிகள் வைத்தால் போதும். அவற்றின் கதவு இரண்டுமே உடைந்துபோனால்கூட வெளியேறுவது 230 கன அடிதான். 5,800 கன அடி வெள்ளத்துக்கு நடுவே அது பொருட்டே இல்லை, வெயில் நாளிலும் ஓடையின் அடிமட்டத்துக்குள் அடங்கிவிடும். மிஞ்சும் வண்டலைக் கோடையில் அள்ளிக்கொள்ளலாம்.

ஆனால் "வெறும் சுவர்தானே" என்று நினைத்தால் மோசம் போவோம். தென்பெண்ணையின் கீழ்ப்பகுதியில், விழுப்புரம் மாவட்டம் தளவானூரில் ரூ.25 கோடிக்கு மேல் செலவில் 2020-ல் ஒரு தடுப்பணை கட்டினார்கள். 2021 ஜனவரியில் அதன் ஒரு பக்கம் உடைந்தது. அதே ஆண்டு நவம்பர் வெள்ளத்தில் மறுபடியும் உடைந்து, கரையை அறுத்துக்கொண்டு ஆறு ஊர்ப்பக்கம் திரும்பியது. கடைசியில் கட்டிய அணையையே வெடி வைத்துத் தகர்க்க வேண்டி வந்தது. நம் ஆற்றிலேயே நடந்த விஷயம் இது. அணை கேட்கும் எல்லா ஊரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சின்ன அணைகள் பெரும்பாலும் நடுவில் உடைவதில்லை, கரையோடு சேரும் இடத்தில்தான் உடைகின்றன. வெள்ளம் வடிந்த மறுநாள் போய்ப் பார்த்தால் தெரியும். பக்கச் சுவரின் பின்னால், மண்ணும் கான்கிரீட்டும் தொடும் கோட்டில், கை நுழைகிற அளவுக்கு ஒரு சந்து. அதன் வழியாகக் கசிவு. கசியும் தண்ணீர் தெளிவாக இருந்தால் இந்த மழைக்காலத்தைத் தாண்டிவிடலாம். கலங்கலாக வந்தால் உள்ளே இருந்து மண் கரைந்து வருகிறது என்று அர்த்தம், அதைத் தள்ளிப்போடக் கூடாது. இன்னொரு இடம், வழியும் தண்ணீர் விழுவதற்காகச் சுவருக்குக் கீழ்ப்பக்கம் போட்ட தளமான ஏப்ரனின் நுனி. விழுகிற தண்ணீர் அங்கே குழி பறித்து, பிறகு அடியில் நுழையும். ஒரு நீளக் கம்பியால் ஏப்ரன் ஓரத்தைக் குத்திப் பார்த்தாலே பள்ளம் எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

இங்கேதான் நம் மாவட்டங்களுக்கு ஒரு கொடுப்பினை இருக்கிறது. தளவானூர் மாதிரி ஆழமான மணல் ஆறு இல்லை நமக்கு. தர்மபுரி, கிருஷ்ணகிரி ஓடைகளில் பல இடங்களில் பாறை வெளியே தெரியும். மணல்மேல் அணை கட்டினால் அடியில் ஊறும் தண்ணீர் மண்ணைக் கிளப்பாமலிருக்க நீண்ட தளம் வேண்டும். பெருமணலுக்குப் பழைய பிளை விதிப்படி நீர் உயரத்தைப் போல 12 மடங்கு, அதாவது 2 மீட்டருக்கு, அடியில் ஊறும் தண்ணீர் கடக்க வேண்டிய வழி 24 மீட்டர். பாறையில் சுவரைக் குடைந்து பதித்தால் இந்தத் தொல்லை பெருமளவு இல்லை. தண்ணீர் அதிகம் நிற்கும் என்பதற்காகப் பாறை உள்ள இடத்தை விட்டுவிட்டு, அரை கிலோமீட்டர் தள்ளி மணலில் கட்டச் சொல்வது நல்லதில்லை. இரண்டு கரையிலும் பாறை கிடைத்தால் அந்த இடத்தை விடவே கூடாது.

உயரத்தைக் கூட்டச் சொல்லும் ஆசையையும் அடக்க வேண்டும். 2 மீட்டரை 3 ஆக்கினால் நிற்கும் தண்ணீர் இரண்டேகால் மடங்காகும் என்பது சரி. ஆனால் சுவரைக் கவிழ்க்கப் பார்க்கும் விசையின் திருப்புத்திறன் மூன்றேகால் மடங்குக்கு மேல் போய்விடும். அந்தப் பணத்தில் பக்கச் சுவரைக் கரைக்குள் இன்னும் ஐந்து மீட்டர் நீட்டலாம்.

ரப்பர் அணை நம் ஓடைகளுக்கு ஆகாது. வெள்ளம் உருட்டி வரும் கற்களும் முள்மரங்களும் ரப்பரைக் கிழிக்கும், காற்றடிக்க மோட்டாரும் கரண்டும் வேண்டும், ரப்பர் பழசாகும்போது மாற்ற யார் பணம் தருவார்கள் என்பதும் தெரியாது. தரைகீழ்த் தடுப்பு அருமையான யோசனை. அதனால் யாருக்கும் ஆபத்தே இல்லை, ஆவியாவதும் குறைவு. ஆனால் அதற்கு நாலைந்து மீட்டர் ஆழத்துக்கு மணல் இருக்க வேண்டும். அள்ளிப்போன பிறகு எத்தனை ஓடையில் அது மிச்சமிருக்கிறது? இருக்கிற இடத்தில் தாராளமாகச் செய்யலாம்.

சுவரின் முன்முகம் எப்படி இருக்க வேண்டும் என்பதையும் பேசியாக வேண்டும், ஏனென்றால் ஆட்கள் சாவது அங்கேதான். செங்குத்தான சுவரிலிருந்து விழும் தண்ணீர் அடியில் போய் மோதி, மேலே எழும்பி, மறுபடி சுவரை நோக்கியே சுருண்டு வரும். மேலிருந்து பார்த்தால் வெள்ளை நுரையாக, ஆழமில்லாதது மாதிரி அழகாகத் தெரியும். அதில் சிக்கியவரை அது வெளியே விடாது, சுவர்ப் பக்கமே இழுத்து மறுபடி அமுக்கும். நுரையில் பாதி காற்று என்பதால் நன்றாக நீச்சல் தெரிந்தவராலும் மிதக்க முடியாது. காப்பாற்றக் குதித்தவரும் சேர்ந்து போவார். தடுப்பணை வழியும்போது குளிக்கப்போன பிள்ளைகள் சாவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். முன்முகத்தைச் செங்குத்தாக விடாமல், மூன்றுக்கு ஒன்று என்ற சாய்வாகவோ படிகளாகவோ கட்டினால் இந்தச் சுருள் பெரிதும் அடங்கும். கான்கிரீட் கூடுதலாகும், மதிப்பீடு ஏறும். இதில் மிச்சம் பிடிக்கக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

பராமரிப்புக்கு வருவோம். நாடாளுமன்றம் 2021-ல் நிறைவேற்றிய அணைப் பாதுகாப்புச் சட்டம் மழைக்கு முன்னும் பின்னும் ஆய்வு, அவசரகாலச் செயல்திட்டம் என்று எல்லாவற்றையும் கட்டாயமாக்கியிருக்கிறது. ஆனால் அது 15 மீட்டருக்கு மேல் உயரமானவற்றுக்கும், 10 முதல் 15 மீட்டருக்குள் சில நிபந்தனைகளுக்கு உட்பட்டவற்றுக்கும்தான். கலிங்கின் அளவைத் தீர்மானிக்கும் 1985-ஆம் ஆண்டு இந்தியத் தர வழிகாட்டியும், 5 லட்சம் கன மீட்டருக்கு மேல் கொள்ளளவு உள்ளதைத்தான் சிறிய அணை என்றே கணக்கில் எடுத்து, நூறாண்டு வெள்ளத்தைத் தாங்கச் சொல்கிறது. நம் அணையில் நிற்பது 18,000 கன மீட்டர். சட்டமும் வழிகாட்டியும் நம்மைத் தொடுவதே இல்லை. அதற்கு மேல், தடுப்பணையை நீர்வளத் துறை கட்டும், ஊரக வளர்ச்சித் துறை கட்டும், வேளாண் பொறியியல் துறை கட்டும், வனத்துறையும் கட்டும். கட்டிய பிறகு யாருடைய பதிவேட்டில் இருக்கிறது என்று கேட்டால் பதில் கிடைப்பது கஷ்டம்.

அதனால்தான் ஆள் வேண்டாத அணையைக் கேளுங்கள் என்கிறேன். ஆள் வேண்டாதது என்றாலும் பார்க்கவே வேண்டாததில்லை. நம் மாவட்டங்களுக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. மே மாதக் கடைசியில் ஒரு தடவை, செப்டம்பர் கடைசியில் ஒரு தடவை, பெரிய வெள்ளம் வடிந்ததும் ஒரு தடவை போய்ப் பார்த்தால் போதும். சுவர் இணைப்பில் முளைத்த ஆல், அரச மரக்கன்றுகளை வேரோடு எடுப்பது, மணற்போக்கிக் கதவை முழுக்கத் தூக்கி இறக்கிக் கிரீஸ் வைப்பது, பக்கச் சுவர்க் கசிவைப் பார்ப்பது, ஏப்ரன் ஓரத்தைக் குத்திப் பார்ப்பது. ஒரு காலை நேர வேலை.

என் தேர்வை மாற்றிக்கொள்ளும் ஒரு சூழ்நிலை உண்டு. மேல்பக்கம் இரு கரையிலும் வீடுகளோ தாழ்வான வயல்களோ இருந்து, சுவர் கட்டினால் வெள்ளம் அங்கே ஏறும் என்று மட்டக் கணக்கு சொன்னால், வெறும் சுவர் சரிவராது. அங்கே உயரத்தை ஒரு மீட்டருக்குக் குறைத்து, அதே ஓடையில் மேலும் கீழுமாக இரண்டு மூன்று சிறிய சுவர்கள் கட்டுவது முதல் வழி. அதற்கும் இடமில்லை என்றால்தான் ஷட்டர். அப்போதும் சம்பளத்தோடு ஒரு லஸ்கர், அவருக்கு அணைவரை வெள்ளத்திலும் போகக்கூடிய பாதை, ஷட்டருக்குப் பின்னால் இறக்க மாற்றுப் பலகைகள், இந்த மூன்றும் மதிப்பீட்டிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும்.

மனு எழுதும்போது "ஷட்டர் வைத்த தடுப்பணை" என்ற வரிக்குப் பதிலாக இதைக் கேளுங்கள்: இரு கரையிலும் பாறை உள்ள இடம், 2024 டிசம்பர் மழையை வைத்துப் போட்ட வெள்ளக் கணக்கு, கரைக்குள் ஆழமாக நீளும் பக்கச் சுவர், சாய்வான முன்முகம், இரண்டு மணற்போக்கிகள், எந்தத் துறையின் பதிவேட்டில் இந்த அணை இருக்கும் என்பதற்கு எழுத்தில் ஒரு பதில். கிராம சபையில் தீர்மானமாக நிறைவேற்றி, அதன் நகலையும் மனுவோடு சேர்த்துக் கொடுங்கள்.